அழிச்ச ஃபைல்

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல வளந்தவன்தான், ஆனா சாமியாடுறவரையே கிண்டல் பண்ணி எங்கப்பாகிட்ட அடி வாங்கினவன். நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிங்க, நான் சொல்லிட்டுப் போறேன்.

ரெண்டாயிரத்துக்குப் பொறகு, பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ்ல நானும் செல்வமும் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தோம். அவன் தெமோதரை தோட்டத்துக்காரன். கம்ப்யூட்டருக்குள்ள சிப்பு இருக்கில்லையா, அதை வரையிறதுக்கு ஒரு இலவச சாஃப்ட்வேர், யாரு வேணும்னாலும் திருத்தலாம், வெளிநாட்டுக்காரங்களோட சேந்து நாங்களும் அதுக்கு எழுதினோம். படம் திரையில தெரியிற மாதிரி பண்றது செல்வம் வேலை, எல்லா ஃபைலையும் சேத்து புரோகிராமா ஆக்குற பில்ட் ஸ்கிரிப்டு என் வேலை. சம்பளம் கெடையாது, பைத்தியம், வேற என்ன சொல்ல.

செல்வம் காய்ச்சல்ல படுத்தான், நாலே நாள்ல போயிட்டான். முப்பத்தொன்னாம் நாள் காரியம் முடிஞ்சு நான் கெளம்புறப்போ அவங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவன் செஞ்சது இன்னும் ஓடுதா தம்பி?"ன்னாங்க. "ஓடுதும்மா, ஓடும்"னேன்.

அப்புறம் என் மெஷினுக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன். செல்வம் எழுதினது அதுல வரல, திரை கறுப்பு. மூணு வாரம் மல்லுக்கட்டினேன். வெளிநாட்டுக்காரங்க மெயில் மேல மெயில், அந்த ஃபைலைத் தூக்கிட்டு வேற ஆள் எழுதினதைப் போடுன்னு. கடைசில ஒரு மத்தியானம், கொட்டுற மழை, மனசே இல்லாம அழிச்சேன், ஸ்கிரிப்டுல இருந்தும் அவன் ஃபைல் பேரை எடுத்தேன். அழுதேன்னு சொல்ல எனக்கு வெக்கம் இல்ல.

அப்புறம் பில்டை ஓட்டினேன். ஓடுறப்போ ஒவ்வொரு ஃபைல் பேரா திரையில போகும். அதுல செல்வத்தோட ஃபைல் போகுது. முந்தின பில்டோட மிச்சத்தைத் துடைக்காம பில்ட் பண்ணியிருப்பேன்னு நெனைப்பீங்க, எங்க தொழில்ல எல்லாரும் பண்ற தப்பு அதுதான், நானும் அப்படித்தான் நெனச்சேன். மொத்தமா துடைச்சிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடியும் போகுது. போய்ப் பாத்தா ஃபோல்டர்ல ஃபைல் இருக்கு, ஸ்கிரிப்டுல பேரும் இருக்கு. நம்பினா நம்புங்க, புரோகிராமைத் தொறந்தேன், புது கார்டுல படம் பளிச்சுன்னு வந்துச்சு.

ஃபைலைத் தொறந்தேன். அவன் எழுதினதுக்கு அடியில புதுசா சில வரி. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மாடல் நம்பர் உண்டு, எந்தக் கார்டுல எப்படி வரையணும்னு மூணு நம்பர் போட்டிருந்துச்சு. மொத நம்பர் என் கார்டு. செல்வம் இருந்தப்போ அந்தக் கார்டு என்கிட்ட இல்லவே இல்ல. நெட்ல யாரும் அனுப்பினாங்களான்னு கேப்பீங்க, அப்பல்லாம் நெட் போன் லைன்லதான், அன்னைக்கு மழையில அந்த லைனே இல்லைங்க.

மத்த ரெண்டு நம்பரையும் பின்னாடி தேடிப் பாத்தேன், அப்படி கார்டே அப்ப வரல. சரி போகட்டும்னு விட்டுட்டேன். செல்வத்தோட அம்மாகிட்ட சொன்னது பொய்யாகலன்னு உள்ளுக்குள்ள நிம்மதி கூட.

மூணு வருஷம் கழிச்சு அந்த மெஷின் போயிடுச்சு. கொழும்புல ஒன்னு வாங்கினேன், கடைக்காரன் எடுத்துக் குடுத்ததுதான், நான் பாத்து வாங்கல. வீட்டுக்கு வந்து கார்டு நம்பரைப் பாத்தேன். ரெண்டாவது நம்பர்.

இப்ப அந்த மெஷினும் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. "மாத்துங்களேன், அந்தச் சத்தம் உசிர வாங்குது"ன்னு பொண்டாட்டி தெனமும் திட்டுறா. நான் அதையே தட்டிக் கொட்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். மாத்தினா வரப்போறது மூணாவது நம்பர், அதுக்குக் கீழ நாலாவதுன்னு செல்வம் ஒன்னுமே எழுதல.