ஹனீபாவின் வைத்தியப் படிவம்

நேற்று அம்மா அச்சாறு போடுவதற்காக வினாகிரிப் போத்தலைத் திறந்தார். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும் நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். எனக்கு அச்சாறு பிடிக்காது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

அதே நெடியோடுதான் நான் வேலை பழகினேன். கொழும்பில் படித்துவிட்டு வந்து, கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தமும் சலமும் சோதிக்கச் சேர்ந்த புதிது. சலத்தை, அதாவது சிறுநீரை, குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கி, வினாகிரி மணக்கும் அமிலத்தில் நாலு சொட்டு விடவேண்டும். தெளிவாக இருந்தால் ஆள் சுகம். வெள்ளையாகக் கலங்கி நின்றால் சிறுநீரகத்தில் கோளாறு இருக்கலாம். கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்று படிப்பித்து அனுப்பியிருந்தார்கள். வேதக்காரப் பிள்ளை அல்லவா, அதையும் ஒரு பைபிள் வசனமாகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு ஹனீபாவின் வீடு. அவனுடைய உம்மாவை நானும் உம்மா என்றே கூப்பிடுவேன். இலங்கைக்கென்று ஒரு படை உண்டாகி அப்போது நாலைந்து வருஷம்தான். அதில் வயர்லெஸ் வேலைக்குப் போயிருந்தான் ஹனீபா. ஒருமுறை விடுமுறையில் வந்தபோது கையில் ஒரு காக்கி உறை. ஒரு வருஷப் படிப்புக்கு இங்கிலாந்துக்கு அனுப்பத் தெரிவு செய்திருந்தார்கள். வைத்தியப் படிவத்தை ஊர் ஆஸ்பத்திரியில் நிரப்பி, மறுநாள் தபாலில் போட்டுவிட வேண்டும். பிந்தினாலோ, உடம்பில் குறை இருந்தாலோ, அடுத்த பெயர்க்காரன் கப்பல் ஏறுவான்.

“எனக்கு வயர் விளங்கும் அக்கா, பேப்பர் விளங்காது. நீங்கதான் பாத்துத் தரணும்.”

எனக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கிறது? ஒரு தாளில் ஏழு வேலைகளை இலக்கமிட்டு எழுதினேன். படம் எடுப்பது, பிறப்புப் பத்திரப் பிரதி, நற்பிட்டிமுனையில் ஒரு கையொப்பம், மருதமுனையில் இன்னொன்று. சலச் சோதனை கடைசி. காலையில் எழுந்ததும் எடுப்பதுதான் நல்லது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தபாற்கந்தோர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். கடைசியாக வைத்தால் ஒரு நடை மிச்சம்.

அவன் தாளைப் பார்த்துச் சிரித்தான். “மௌத்தாப் போறதுக்கும் லிஸ்ட் எழுதி வெச்சிருப்பீங்க போல.” சாவதற்கு யாராவது பட்டியல் போடுவார்களா என்று தாளை அவன் கையில் திணித்தேன்.

கச்சான் காற்று நெருப்பாக வீசிய மத்தியானம், சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. போத்தலின் அடியில், தேயிலைச் சாயம்போல, கொஞ்சம்தான் கொண்டுவந்து வைத்தான்.

“இவ்வளவுதானா?”

“இதுவே பெரிய பாடு அக்கா.”

இரண்டு பேரும் சிரித்தோம்.

குழாய் கலங்கியது. சொட்டு விட்டேன், கலக்கம் போகவில்லை. மூன்றுமுறை செய்தேன். டொக்டர் வெளியூர்க்காரர். “ஏதும் வருத்தம், நோய் நொடி இருக்கா?” என்று கேட்டார். ஹனீபா விறைப்பாக நின்று, “இல்ல சேர்” என்றான்.

வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டான். “எழுதாம விட ஏலாதா?”

“கண்டத எழுதத்தான் வேணும், ஹனீபா.”

“ஓம். அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு, உறையைத் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டான்.

அன்று மாலை வேலிக்கு மேலால் வழக்கம்போல நோன்புக் கஞ்சிச் சட்டி வந்தது. பத்து நாளாக ஒவ்வொரு மாலையும் வருகிற சட்டி.

“புள்ள இண்டைக்கு நல்லாக் களைச்சிட்டான் மகள்” என்றார் உம்மா. “விடியச் சஹர் சோத்துக்கும் எழும்பல்ல. ராவையிலிருந்து ஒரு மிடறு தண்ணி இல்லாம, இந்த வெயிலுக்குள்ள ஊரெல்லாம் சைக்கிள் மிதிச்சிருக்கான்.”

சட்டியைக் கீழே வைத்துவிட்டு, விடியற்காலைச் சலத்தைக் கொண்டுவரும்படி ஹனீபாவிடம் சொல்லச் சொன்னேன். தண்ணீர் வற்றிய உடம்பும் கடும் அலைச்சலும் நல்ல ஆளின் சலத்தையும் கலங்கவைக்கும். பாடத்தில் இருந்தது. பரீட்சையிலும் எழுதினேன்.

மறுநாள் விடியற்காலைச் சலம் கண்ணாடிபோல இருந்தது. டொக்டர் தனிக் கடிதம் எழுதினார். கொழும்பில் படையின் வைத்தியர்கள் அவனை அழைத்து, சோதித்து, நல்ல சுகம் என்று எழுத இரண்டு மாதம் எடுத்தது. அதற்குள் அடுத்த பெயர்க்காரன் கப்பலேறிவிட்டான். அடுத்த வருஷமும் ஹனீபாவைக் கூப்பிடவில்லை. அவனுடைய கோப்பில் என் கையெழுத்துத்தான் முதலில் இருந்ததாம். படையை விட்டு விலகி, இப்போது எங்கோ ரேடியோ திருத்துகிறான்.

அவன் ஊரை விட்டுப் போவதற்கு முன் கேட்டேன். “நோன்பெண்டு ஒரு சொல்லு ஏன் சொல்லல்ல?”

“ஊரே நோன்பு அக்கா. எங்கட கஞ்சியக் குடிக்கிற உங்களுக்குத் தெரியாதெண்டு நான் எப்பிடி நினைக்கிற?”

இப்போது என் சோதனைத் தாளில் முதல் கேள்வியே “நோன்பா?” என்பதுதான். மார்கழியில் வருகிற சைவக்காரர்களிடமும் கேட்டுவிடுகிறேன், ஒருமாதிரிப் பார்க்கிறார்கள்.

உம்மா ஒருநாளும் என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. தெருவில் கண்டால் “சுகமா மகள்?” என்பார். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த தென்னங்கிடுகு வேலியில் ஓர் இடம் சட்டி வைத்து எடுப்பதற்காகவே தாழ்ந்திருந்தது. அடுத்த நோன்புக்கு முன்னால் உம்மா வீட்டார் வேலி அடைத்தபோது, அந்த இடத்தையும் சேர்த்து உயர்த்தி அடைத்துவிட்டார்கள்.