கம்பெனி பஸ்ஸா, கண்ட டாக்ஸியா?

போன மாதம் பினாங்கு துறைமுக வாசலில் என் அப்பாவும் அம்மாவும் போட்ட சண்டையை, ஒரு பஸ் நிறையப் பேர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள்.

சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் கிளம்பியிருந்தோம். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து அப்பா ஓய்வு பெற்றதற்கு என் பரிசு. பினாங்கில் கப்பல் ஒரு பகல் நிற்கும். கப்பல் கம்பெனியே ஊர் சுற்றிக் காட்டும் – பஸ், கைடு, சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு நம்பர். போகும் இடங்களில் பட்டாம்பூச்சிப் பண்ணை இருந்தது, சாக்லேட் கடை இருந்தது. தண்ணீர்மலை முருகன் இல்லை.

அம்மா செவ்வாய் தவறாமல் டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகனைப் பார்க்கப் போகிறவள். கப்பல் டிக்கெட்டைக் காட்டியதுமே அவள் கேட்டது ஒன்றுதான்: "பினாங்குல முருகன் இருக்காராமே?"

"பேசாம பஸ்லயே போயிருவோம். டாக்ஸிக்காரன் எங்கயாவது கொண்டு விட்டுட்டான்னா? கப்பல் போயிருச்சுன்னா நீந்துவியா?" என்றார் அப்பா, துறைமுக வாசலில் நின்ற பஸ்ஸைக் காட்டி.

"நீங்க பட்டாம்பூச்சி பாருங்க. நான் முருகனைப் பாத்துட்டு வாரேன்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். மகள் குருகிராமில் தொழிற்சாலைகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் இன்ஜினியர் ஆயிற்றே... தீர்ப்புச் சொல்ல வேண்டாமா?

எந்த ஆபத்தானாலும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்தால் எவ்வளவு சேதம்? சாலை ஆபத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பெனி பஸ்ஸை ஓட்டுவதும் உள்ளூர்க்காரர்தான். ஏதாவது ஆனால் பொறுப்பு உள்ளூர் ஏஜென்சிக்கே என்று டிக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. கம்பெனி பஸ் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். நாம் பிடித்த டாக்ஸி தாமதமானால், கரையில் நின்று கப்பலுக்குக் கையசைக்கலாம். பிறகு அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான்.

எனவே நிபந்தனைகளோடு அம்மா பக்கம் தீர்ப்பு. பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். கடிகாரம் கப்பல் நேரத்தில் ஓட வேண்டும். மணி இரண்டு ஆனால், எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும்.

அப்பா டாக்ஸியின் முன் சீட்டில் ஏறினார். "பையா, மந்திர் ஜானா ஹை. ஜல்தி!" கோயிலுக்குப் போகணுமாம், அதுவும் சீக்கிரமாக.

டெல்லித் தமிழர்களான நமக்கு இது வியாதி. டாக்ஸியில் உட்கார்ந்தால் வாய் தானாக ஹிந்திக்குத் தாவிவிடும், உலகத்தின் எந்த மூலையானாலும். டிரைவர் தலையாட்டினார். பின் சீட்டில் அம்மா கண்மூடி ஜபத்தில். என் கண்ணோ கடிகாரத்தில்... மேப்பில் அல்ல.

வண்டி நின்ற இடம் அழகான கோயில். வாசலில் ஹிந்திப் பலகை. உள்ளே புல்லாங்குழலோடு கிருஷ்ணர்.

"தம்பி, முருகன் எங்க?" என்றாள் அம்மா.

டிரைவர் திடுக்கிட்டார். "அம்மா, நீங்க தமிழா? சார் இந்தி பேசவும் வடநாட்டுக்காரங்கன்னு நெனச்சி அவங்க கோயிலுக்குக் கொண்டாந்துட்டேன் லா! மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "டாக்ஸிக்காரன் எங்கயும் கொண்டு விடலை. நீங்கதான் கொண்டு விட்டிருக்கீங்க."

ஊர் நெரிசலைக் கடந்து தண்ணீர்மலை அடிவாரத்தில் இறங்கியபோது, மணி கிட்டத்தட்ட இரண்டு. மேலே முருகன். நடுவில் மலையளவு படிகள்.

"ஓடிப் போயி ஏறிட்டு வந்துருதேன் ஏட்டி" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா."

பாய்லரை நிறுத்தச் சொல்லும்போது என் குரல் நடுங்கியதில்லை. அன்று நடுங்கியது. அம்மா மலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, நீ சொன்னா சரி." செருப்பைக் கழற்றிவிட்டு வெயில் தரையில் நின்று, கண்ணை மூடிக் கை கூப்பினாள்.

இரண்டு ஆனது. தாண்டியது. "அம்மா..." என்று கூப்பிட வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"சும்மா இருட்டி. அவ கும்பிட்டு முடிக்கட்டும்."

அப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாயிலிருந்து ஒரு 'ஜல்தி' வரவில்லை!

கப்பலைப் பிடித்துவிட்டோம். கம்பெனி பஸ் எங்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. கப்பல் நிதானமாகக் காத்திருந்தது. ஆக, எது பாதுகாப்பு? ஊரும் வழியும் தெரிந்து, கையில் தாராளமாக நேரமும் இருந்தால் டாக்ஸியில் தவறில்லை. கூட வருகிறவருக்குப் படபடப்பு என்றால் கம்பெனி பஸ்தான்.

அடுத்து ஃபுக்கெட். அங்கே அம்மா தானாகவே போய்க் கம்பெனி பஸ்ஸில் மூன்று சீட் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஏம்மா?"

"அடிவாரத்துல உங்கப்பா மூஞ்சி போன போக்கு! இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

"நீ கண்ண மூடிக்கிட்டுல்லா நின்ன?"

"ஒரு கண்ணைத்தான் மூடினேன்."