தொப்பியின் உச்சி வழியாகப் போன விமானம்

தொப்பிக்காரி என்று கேட்டால் அந்தத் தெருவில் எல்லோரும் வீட்டைக் காட்டுவார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் முழிப்பார்கள். முன்னறையில் ஒரு தையல் மிஷின். துணியை ஆறு இதழாக வெட்டி, நுனிகளைக் கூட்டித் தைத்து, உச்சியில் பொத்தான் வைத்தால் தொப்பி. கல்யாணமான நாள் முதல் இதே பிழைப்பு. ஊசி விரலில் ஏறினாலும் உதறிவிட்டுத் தைக்கிறவள். அப்பேர்ப்பட்டவளுக்கு அன்றைக்கு நூல் கோக்க முடியவில்லை.

ஒரே மகள் நர்ஸ் வேலைக்காக உலகத்தின் அந்தப் பக்கம் விமானத்தில் போய்க்கொண்டிருந்தாள். முதல் பயணம், துணைக்கு ஆள் கிடையாது. பஸ் ஓட்டுகிற கொழுந்தன் தன் போனில் உலகப் படத்தைக் காட்டி, ஊர்ந்து போகிற புள்ளிதான் விமானம் என்றான். அதுவோ நேரே போகாமல் வில்லாட்டம் வளைந்து மேலே ஏறியது. மேலே என்ன இருக்கிறது? இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை வெள்ளை வெளேரென்று பனி.

"வழி தப்பிட்டான்," என்றாள். விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, ஓட்டுகிறவனிடம் சொல்லச் சொல்லு என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"அண்ணி, நான் ஒரு திருப்பத்தை விட்டாலே பஸ்ஸே சேந்து கத்தும். விமானத்துல இருக்கறவங்க மட்டும் சும்மா இருப்பாங்களா?"

"அவங்களுக்கு வழி தெரியுமா என்ன?"

கொழுந்தன் ஒரு தொப்பியை எடுத்துத் தன் முட்டியில் கவிழ்த்தான். விளிம்பில் எதிரும் புதிருமாக இரண்டு புள்ளி வைத்தான். ஒன்று நம் ஊர், மற்றது மகள் போகிற ஊர். இரண்டுக்கும் நடுவே நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னான். விளிம்போரம் சுற்றினால் நூல் நீளமாக வேண்டியிருந்தது. இழுக்க இழுக்க, தானாக உச்சிப் பக்கம் ஏறி நின்றது. உலகம் உருண்டை, அதனால் இதுதான் குறுக்கு வழி என்றான். போனில் இருக்கிற படம், தொப்பித் தையலைப் பிரித்துப் பலகையில் விரித்த துணியாம். நடுவில் சந்து விழாமல் இருக்க இதழ் நுனிகளை இழுத்து இழுத்து அகலமாக்கியதில், உச்சியில் இருக்கிற பொத்தான், அதாவது அந்தப் பனி, படத்தின் மேல் ஓரமெல்லாம் பரந்து கிடக்கிறதாம்.

துணி சமாசாரம் அவளுக்கா புரியாது? புரிந்த பிறகுதான் பயம் இரண்டு மடங்கானது. அதுவரை வழி தப்பினவனைத் திட்டவாவது முடிந்தது.

"அப்ப நெஜமாவே பனி மேலதான் போறாளா?"

"படத்துல தெரியற அளவுக்கு இல்ல அண்ணி. பொத்தானளவுதான்."

"பொத்தான் மேல எறங்க எடம் ஏது?"

கொழுந்தன் தொப்பியை எடுத்து மிஷின் மேல் வைத்தான். அந்த நேரம் பார்த்துப் புள்ளி அசையாமல் நின்றது. அங்கே சிக்னல் கிடைக்காது என்று சொன்னான், ஆனால் அவன் குரலே உள்ளே போயிருந்தது. அவள் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளினாள். பிறகு புள்ளி நகர்ந்தபோதும் நெஞ்சு அடங்கவில்லை. புள்ளி நகர்ந்தால் ஆயிற்றா, பிள்ளையல்லவா போய்ச் சேர வேண்டும்?

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. மகள்தான். வந்து சேர்ந்துவிட்டாளாம், பெட்டிக்காகக் காத்திருக்கிறாளாம்.

தொப்பிக்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கால் தரையில இருக்கா?"

"இருக்கும்மா."

"ரெண்டுமா?"