எட்டு மணித்தியால லென்ஸ்

இன்று மகளை வெள்ளவத்தையில் கண் டொக்டரிடம் காட்டினேன். தரம் ஐந்து, இந்த வருடம் ஸ்கொலர்ஷிப் பரீட்சை. கண்ணாடியின் பவர் மறுபடியும் கூடிவிட்டது.

டொக்டர் ஒரு லென்ஸைப் பற்றிச் சொன்னார். இரவில் போட்டுக்கொண்டு படுத்தால் அது கருவிழியின் வடிவத்தை மெல்ல மாற்றுமாம். பகலில் கண்ணாடி தேவையில்லை. பவர் கூடும் வேகமும் குறையலாம்.

"இண்டைக்கே ஓடர் பண்ணுவமா டொக்டர்?" என்றேன்.

"பொறுங்கோ. எட்டு மணித்தியாலமாவது நித்திரை கொள்ள வேணும். பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறவ?"

"ஒன்பதுக்கு" என்றேன், கூசாமல்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "பதினொண்டரைக்கெல்லோ அம்மா? விடிய நாலரைக்கு எழும்பிப் போன வருசத்துப் பாஸ்ட் பேப்பர் செய்யிறனான்."

டொக்டர் பேனையை மூடினார். "அப்ப இது சரிவராது. ஸ்கொலர்ஷிப் முடிய வாங்கோ. அதுக்கிடையில பவர் இன்னும் கூடும்."

படியிறங்கும்போது மகள் கேட்டாள்: "சோதினை முடிஞ்சா நித்திரை கொள்ளலாமா அம்மா?"

ஓம் என்றேன். பிறகு காலி வீதிக்கு வந்து ஓட்டோ பிடித்து நேரே ரியூஷன் வகுப்புக்குத்தான் போனோம். பத்து நிமிடம் பிந்தியதற்கு அவளைத்தான் ஏசினேன்.

உங்கள் பிள்ளைகள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள்? டொக்டருக்குச் சொல்லும் நேரத்தை எழுத வேண்டாம்.