மூன்று எழுத்து மிச்சம் பிடித்தவன்

மாமல்லபுரத்து விடுதிகளுக்கு வலைத்தளம் கட்டித்தரும் அலுவலகத்தில் ஜாவித்துக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தவள் ரோகிணி. பிஎச்பி நிரலைத் தொடங்கும்போது அவள் <?php என்று முழுசாக அடிப்பாள், அவன் <? என்று சுருக்கிவிடுவான்.

"மூணு எழுத்து அடிச்சா விரல் தேஞ்சிடுமா? வேற சர்வருக்குப் போனா சுருக்கம் புரியாம, உள்ள இருக்கிறதையெல்லாம் பக்கத்துல கொட்டிடும்."

"பேஜாரு பண்ணாதம்மா. ஓடிக்கினு தானே கீது?"

அவனுடைய கோப்பைத் திறந்தால் அவள் உள்ளே ஒரு திட்டு எழுதிவைக்காமல் மூடமாட்டாள். தளத்தைப் பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

2004 டிசம்பரில் சுனாமி அவளைக் கொண்டுபோனது. ஜாவித் அப்புறமும் சுருக்கித்தான் எழுதினான்.

அடுத்த வருஷம் ஜூனில் சர்வரை மாற்றினார்கள். மறுநாள் மத்தியானமே விடுதிக்காரர் போனில் கத்தினார்: "இன்னாய்யா, ரூம் புக் பண்ற பக்கத்துல இன்னான்னவோ எழுதிக்கீது!"

ஜாவித் திறந்து பார்த்தான். நிரல் வரிகள் அம்மணமாகக் கொட்டிக் கிடந்தன. நடுவே ஒரு குறிப்பு: "சொன்னேன்ல ஜாவித்? இனிமேலாவது முழுசா எழுது. ரோகிணி."

பழைய கோப்பாக இருக்கும் என்று தேதியைத் தேடினான். அந்தப் பக்கத்தை வெற்றுக் கோப்பில் அவன் எழுதத் தொடங்கியதே மார்ச்சில்தான்.