பித்தளைக் கோதும் உருக்குக் கோதும்

டெனிஷ் நகரமான சில்க்போர்க்கில், முதியோர் இல்லமொன்றில் வேலைசெய்யும் என் மனைவிக்கு ஐம்பத்திரண்டு வயதில் கைத்துப்பாக்கி சுடும் ஆசை வந்தது. கூட வேலைசெய்யும் டெனிஷ்காரப் பெண் ஒருத்தி, ஒரு புதன்கிழமை தன் சுடுகழகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வீட்டுக்கு வந்தவர் ஜக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சாருங்கோ, நான் கழகத்திலை சேரப்போறன்."

"வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தனாங்கள். இப்ப தேடிப்போய்க் கேக்கப் போறீரோ?"

"அங்கை எங்களைப் பாத்துச் சுட்டவங்கள். இங்கை நான் கடதாசியைப் பாத்துச் சுடுறன்."

முதல் மாதம் அவரை இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது. பிறகு குளிர் தாங்காமல் உள்ளே போனேன். கோப்பி தந்தார்கள், காதுமூடி தந்தார்கள். நாலைந்து கிழமையில் சத்தம் வெறும் சத்தமாகிவிட்டது. கையும் சொன்னபடி கேட்டது.

வசந்தகாலப் போட்டிக்கு முன்பு கழகத்தில் இரண்டு வகை ரவைகள் வந்திருந்தன. ஒன்றின் கோது, அதாவது மருந்தை அடக்கிய வெளிக்கூடு, பித்தளை; மற்றதின் கோது உருக்கு. உருக்கு மலிவு. பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, வெடிமருந்து நிரப்பித் திரும்பவும் பாவிக்கலாம். எதை எடுப்பதென்று மனைவி என்னைப் பார்த்தார். நான் பக்கத்து ஊரான இக்காஸ்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவன். உலோகத்தைப் பற்றி என்னிடம் கேட்டால் சும்மா இருப்பேனா?

"உருக்கை எடும். உறுதியானது. பித்தளை மெத்து."

பத்து உருக்கு ரவையும் ஒரு தடங்கலுமில்லாமல் வெடித்தன. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். ஒப்பிட்டுப் பார்ப்போமென்று மனைவி அடுத்துப் பித்தளையைப் போட்டார். இரண்டாவது வெடியிலேயே வெறுங்கோது குழலின் அடியில் சிக்கி, வெளியே வர மறுத்தது.

"பாத்தீரே? நான் சொன்னனான்!"

சுடுதளப் பொறுப்பாளர், என் வயதுள்ள ஒரு டெனிஷ் பெண்மணி, வந்து பாதுகாப்பாகக் கோதை எடுத்தார். ஒரு தூரிகையை உள்ளே விட்டுச் சுழற்றி என் முன்னால் நீட்டினார். கன்னங்கரேலென்று புகைக்கரி.

"இது உங்கள் உருக்கு விட்டுப்போனது" என்றார் சிரித்தபடி.

வெடிக்கும்போது பித்தளை விரிந்து, குழலோடு ஒட்டிப் புகையை அடைத்துவிடும். உடனே சுருங்கி எளிதாகக் கழன்றும்விடும். உருக்கு அவ்வளவு விரியாது. இடைவெளியால் கரி பின்னால் வந்து படியும் என்று விளக்கினார். அந்தக் கரியில்தான் பித்தளை மாட்டிக்கொண்டது. மெத்தென்று நான் குறை சொன்ன குணமே அதன் பலம். கசிவை அடைக்க முப்பது வருடம் இயந்திரங்களுக்குப் பித்தளை வளையம் போட்டவன் நான். அது என் மூளைக்கு எட்டவில்லை.

"ஆர் இப்ப மெத்து?" என்று மனைவி தமிழில் கேட்டார். பொறுப்பாளருக்கு மொழி விளங்கவில்லை, ஆனால் என் முகம் விளங்கியிருக்க வேண்டும். அவரும் சேர்ந்து சிரித்தார்.

என் பிழைக்குப் பரிகாரமாக, அடுத்த கிழமை நீளக் கம்பியில் ஒரு காந்தத்தைக் கட்டிக்கொண்டு போனேன். தரையில் கிடந்த கோதுகளுக்கு மேலால் இழுத்தால் உருக்கு ஒட்டிக்கொள்ளும், மிஞ்சுவது பித்தளை. குனிந்து குனிந்து பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து கோது பிரிப்பது என் வேலை.

போட்டியில் மனைவி பித்தளையைத்தான் சுட்டார். ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாமிடம். கோபன்ஹேகனிலிருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னதும் அவள் டெனிஷில் கத்தியது எனக்கே கேட்டது.

அந்த உற்சாகத்தில் பொறுப்பாளர் என்னையும் சுடச் சொன்னார். எட்டு வெடி வைத்தேன். கடதாசியில் ஒரு ஓட்டைகூட இல்லை. மனைவி சிரித்த சிரிப்பு, காதுமூடியையும் தாண்டி எனக்குக் கேட்டது.