தவளைவயிறு பிறந்த ஊர்

வெர்லின் டாக்கெட் நிச்சயமாக நம்பிய விஷயங்கள் மிகக் குறைவு. கென்டக்கி மலைச்சரிவுகளில் நிலம் அளந்தே காலம் தள்ளியவர். எந்த எல்லைக்கல்லும் நட்ட இடத்தில் நிற்பதில்லை என்று கண்டவர். ஆனால் தவளைவயிறு என்ற மடக்குக்கத்தி தன் ஊரான ஹார்மன் ஃபோர்க்கில்தான் பிறந்தது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கைப்பிடி நடுவில் புடைத்து, இரண்டு அலகுகளும் ஒரே முனையிலிருந்து விரியும் கத்தி அது. அலகின் அடியிலுள்ள முத்திரை, எலும்புப் பிடியில் செதுக்கிய வரி, ஆணியின் தலை எல்லாவற்றையும் பார்த்து, எது எதற்கு மூத்தது என்று அவர் ஒரு வம்சாவளியே அமைத்திருந்தார். அவர் பேச்சை நம்பி நகர மன்றம் ஊர் எல்லைப் பலகையில் ‘தவளைவயிறு பிறந்த ஊர்’ என்று எழுதியும் வைத்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரூயிட். அங்கே முடிவெட்டி ஓய்ந்த க்ளோவிஸ் ராட்லிஃப், பிறந்தது எங்கள் ஊர்ப் பட்டறையில் என்பார். அந்தப் பட்டறை எரிந்து சாம்பலான பிறகுதான் ஹார்மன் ஃபோர்க்கில் பட்டறைக்கு முதல் செங்கல்லே வைத்தார்கள். ஆகவே புரூயிட் முத்திரையோடு ஒரே ஒரு தவளைவயிறு கிடைத்தாலும் வழக்கு முடிந்துவிடும். கிடைக்கவில்லை. இருவரும் அதனால் பல வருடங்கள் நிம்மதியாகச் சண்டை போட்டார்கள்.

வசந்தகாலக் கத்திக் கண்காட்சிக்கு முந்தின நாள், நீதிமன்ற வாசல் பெஞ்சில், சீடார் மரக்கட்டையைச் சீவிக்கொண்டிருந்த க்ளோவிஸ் மூடிய வலது கையை நீட்டினார்.

“என்னய்யா, பாக்காம மாத்திக்குவமா?”

“உள்ள என்ன, சவரக்கத்தியா?”

“பயமா இருந்தா வீட்டுக்குப் போ. பொண்டாட்டி கைய புடிச்சுக்கிட்டு உக்காரு.”

மூடிய கைக்குள் இருப்பதைக் காட்டாமல் கத்தி மாற்றுவது அந்தப் பெஞ்சின் பழைய வழக்கம். மாற்றியபின் திருப்பிக் கேட்கக் கூடாது; முனகினாலும் மானம் போகும். வெர்லின் மஞ்சள் பிடிபோட்ட நல்ல கத்தி ஒன்றைக் கொடுத்தார். அவர் கைக்கு வந்தது ஒரு துருக்கட்டி.

“ஏலத்துல ஒரு வாளி ஓட்டை ஒடசல் வாங்குனேன், அதுல கெடந்துச்சு,” என்றார் க்ளோவிஸ். பெஞ்சே சிரித்தது. வெர்லின் முனகவில்லை.

வீட்டில் அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தார். முதலில் தவளையின் வயிறு தெரிந்தது. பிறகு முத்திரை. புரூயிட்.

“ஏன் பேயறஞ்சாப்ல உக்காந்திருக்க?” என்று கேட்டாள் மனைவி இமோஜீன்.

“க்ளோவிஸ் சொன்னது சரி.”

“அதுக்கு டாக்டர வரச் சொல்லணுமா?”

“ஊர்ப் பலகை, நாளைக்கு என் மேஜை, இத்தன வருஷப் பேச்சு... எல்லாம் போச்சு இமோஜீன்.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா குடுத்திருப்பானா?”

“அப்ப ஆத்துல போடு.”

“கத்தியையா?”

“பின்ன, க்ளோவிஸையா?”

வெர்லின் ஆணிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிரித்துக் கோத்த தடம் எதுவும் இல்லை. அப்பழுக்கற்ற கத்தி. பொய் சொல்ல அவருக்கு மனம் வந்தது; கத்தியைத் தூக்கி எறியத்தான் வரவில்லை.

மறுநாள் கண்காட்சி நடந்த தீயணைப்பு நிலையக் கூடத்தில், தன் மேஜையிலிருந்த கத்தி வரிசையின் தலைமாட்டில் அதை வைத்தார். க்ளோவிஸ் வந்தார். தன் துருக்கட்டியை அடையாளம் கண்டுகொண்டு இளித்தார். எடுத்து அலகைத் திறந்தார். இளிப்பு நின்றது. அவர் கூவுவதைக் கேட்க வெர்லின் தயாரானார்.

“அலகு மாத்துனது,” என்றார் க்ளோவிஸ்.

“என்னது?”

“எவனோ புரூயிட் அலகக் கொண்டாந்து வேற பிடியில சொருகியிருக்கான்.”

“ஆணியப் பாருய்யா! சுத்தியல் பட்ட தடம் இருக்கா?”

“கெட்டிக்காரன் தடம் விடுவானா?”

“நீதானய்யா இத்தன வருஷமா புரூயிட் புரூயிட்டுன்னு கத்துன!”

“கத்துனேன். அதுக்காக வந்ததையெல்லாம் நம்பச் சொல்றியா?”

வெர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. இது அசல் என்றால், ஆயுள் முழுக்கத் தேடியதைக் கையில் வைத்திருந்தும் பாராமல், குப்பை என்று தானம் பண்ணியவர் க்ளோவிஸ். ஜெயித்த இனிப்பைவிட அந்தக் கசப்பு பெரிது. சும்மா தலையாட்டினால் போதும். பலகை பிழைக்கும், வம்சாவளி பிழைக்கும். வெர்லின் வாயைத் திறந்தார்.

“இது அசல். பொறந்தது உங்க ஊர்லதான்.”

“இல்லவே இல்ல.”

நகர மன்றத்துக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அப்ப போர்ட மாத்தணுமா?”

“மாத்துங்க,” என்றார் வெர்லின்.

“தொட்டீங்கன்னா தெரியும்!” என்றார் க்ளோவிஸ்.

திறந்தவனேதான் கத்தியை மூட வேண்டும், வேறு கை மூடினால் ஆகாது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வாதம் முடியாமல் க்ளோவிஸ் மூடுவதாக இல்லை. அவித்த பீன்ஸும் சோளரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்த இமோஜீன் இரண்டு தட்டுகளை அந்த மேஜைக்கே கொண்டுவந்து, நடுவில் விரிந்து கிடந்த கத்தியை ஒதுக்காமல் இரு பக்கமும் வைத்துவிட்டுப் போனாள்.